கிராண்ட் பிரீ கார் பந்தயம் எப்படித் தொடங்கியது?

கிராண்ட் பிரீ என்பது பல நாட்டுக் கார் நிறுவனங்கள் ஒரே விதிகளின் கீழ் மோதும் பெரிய பந்தயம். முதலாவது 1906 ஜூனில் பிரான்சின் லெ மான் நகருக்கு அருகே நடந்தது.

அது பிறந்ததற்குக் காரணம் ஒரு மனக்குறை. அதற்கு முன் முக்கியமாக இருந்த கார்டன் பென்னட் கோப்பையில் ஒரு நாட்டுக்கு மூன்று கார்கள்தான். ஐம்பது பேர் படிக்கும் பள்ளியும் ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியும் மாவட்டப் போட்டிக்கு மூன்று பேரைத்தான் அனுப்பலாம் என்றால் பெரிய பள்ளி சும்மா இருக்குமா? அன்று கார் தயாரிப்பில் முன்னணியில் இருந்த பிரான்ஸும் சும்மா இருக்கவில்லை. ஒரு நாட்டுக்கு இத்தனை கார்கள்தான் என்ற கட்டுப்பாடு இல்லாத சொந்தப் பந்தயத்தைத் தொடங்கிவிட்டது.

இரண்டு நாள், சுமார் 1,240 கிலோமீட்டர், பொதுச் சாலையில். வெயிலில் தார் உருகி ஓட்டுநர்களின் கண்களைப் பதம் பார்த்தது. டயர்களும் ஓயாமல் பழுதாகின. பழுதை ஓட்டுநரும் உடன் வரும் மெக்கானிக்கும் மட்டுமே சரிசெய்ய வேண்டும். பலர் டயரைக் கத்தியால் அறுத்து எடுத்துக்கொண்டிருக்க, ரெனோ காரில் வந்த ஹங்கேரியர் ஃபெரென்ஸ் சிஸ், டயர் நிறுவனமான மிஷெலினின் கழற்றி மாட்டும் ரிம்மால், அதாவது டயரோடு சேர்த்தே மாற்றக்கூடிய சக்கர வளையத்தால், சில நிமிடங்களில் கிளம்பிவிடுவார். வென்றவரும் அவரே. என்னைக் கேட்டால், பாதி வெற்றி அந்த ரிம்முடையது.

அப்புறம், கிராண்ட் பிரீயும் ஃபார்முலா ஒன்னும் ஒன்றாகவே பிறந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன் போட்டி 1950இல்தான் தொடங்கியது.