அறுபது தாண்டியவர் மாரத்தானுக்காகத் தினமும் ஓடலாமா?

கேள்வி கேட்டவரின் அப்பாவுக்கு 61 வயது. பினாங்குப் பால மாரத்தானில் முழு தூரம் ஓடியே தீருவேன் என்று ஒரு நாள் விடாமல் ஓடுகிறாராம். வீட்டில் யார் சொன்னாலும் கேட்பதில்லையாம். இந்த வயதில் தினமும் ஓடலாமா, ஓடுகிறவர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்பது கேள்வி.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன். செம்பனை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், உங்கள் அப்பாவைவிட மூத்தவன். மாரத்தான் ஓடுகிறேன், ஆனால் பரிசு மேடைப் பக்கமே போனதில்லை. கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம், அதுதான் என் வேகம். வாரத்தில் ஆறு நாள் பயிற்சி செய்யலாம், ஆனால் தினமும் ஓட வேண்டாம் என்பதுதான் என் பதில்.

என் அப்பா அம்மா இருவரும் பால்மரம், அதாவது ரப்பர் மரம் வெட்டியவர்கள். தோட்டத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஒரே மரத்தை நாள்தோறும் வெட்டுவதில்லை. இன்றைக்கு இந்த நிரை என்றால் நாளைக்கு வேறு நிரை. வெட்டுகிறவருக்குத் தினமும் வேலை இருக்கும், மரத்துக்கு இடையில் ஓய்வு கிடைக்கும். ஆசைப்பட்டு அடிக்கடி வெட்டினால் கொஞ்ச நாள் பால் கூடுதலாக வரும், அப்புறம் பட்டை வறண்டு மரமே பால் தராமல் போய்விடும். அறுபதுக்கு மேல் முழங்காலும் குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநாணும் அப்படித்தான். மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே பழகிவிடும். தசைநாணுக்கு மாதக்கணக்கில் ஆகும். உங்கள் அப்பா “எனக்கு ஒன்றும் செய்யவில்லையே” என்று சொல்வது மூச்சை வைத்துத்தான். காலிடம் கேட்டால் வேறு பதில் வரலாம்.

என் வாரம் இப்படி. செவ்வாயும் வியாழனும் ஒரு மணி நேரம் மெதுவோட்டம். ஞாயிறு நீண்ட ஓட்டம். புதனும் சனியும் நடை, அதோடு கால் தசைக்கான வேலை: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, படியில் நுனிக்காலால் நின்று குதிகாலை மெதுவாக இறக்கி ஏற்றுவது, கையில் தண்ணீர்ப் போத்தலோடு படி ஏறுவது. வயது ஏற ஏறத் தசை தானாகவே கரையும், ஓட்டம் மட்டும் அதைப் பிடித்து நிறுத்தாது. வெள்ளிக்கிழமை சைக்கிள். திங்கட்கிழமை ஒன்றுமே கிடையாது.

“மெதுவோட்டம்” என்றால் எவ்வளவு மெது என்று கேட்பார்கள். பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், அவ்வளவுதான். கைக்கடிகாரம் காட்டுகிற இதயத் துடிப்பை அப்படியே நம்ப வேண்டாம். இதயம் அதிகபட்சம் எவ்வளவு துடிக்கலாம் என்பதற்கு 220-லிருந்து வயதைக் கழிக்கிற கணக்கு ஒரு குத்துமதிப்பு. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது, மாத்திரையே துடிப்பைக் குறைத்து வைத்திருக்கும்.

“எட் விட்லாக் தினமும் ஓடினாரே?” என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். கனடாக்காரர், 2004-ல் 73 வயதில் மாரத்தானை 2 மணி 54 நிமிடத்தில் ஓடியவர். வீட்டுக்குப் பக்கத்து மயானத்தில் சில காலம் தினமும் மூன்று மணி நேரம் வரை சுற்றிச் சுற்றி ஓடினார். உண்மைதான். ஆனால் பயிற்சியில் அவர் ஓடியது மெதுவாக, அடியைச் சின்னதாக வைத்து. அப்படியும் முழங்கால் தகராறால் ஓட முடியாமல் கிடந்த காலங்கள் அவருக்கும் உண்டு. இளமையிலேயே ஓட்டக்காரராக இருந்தவர் வேறு. அவரை வியக்கலாம், ஆனால் அவருடைய அட்டவணை நமக்கு வேண்டாம்.

சரி, தோட்டப் பக்கத்து ஊரில் எங்கே, எப்போது ஓடுவது? இதைத்தான் இணையத்தில் கிடைக்கிற வெளிநாட்டு அட்டவணைகள் சொல்வதில்லை. 1982-ல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதனால் இங்கே சூரியன் உதிக்க ஏழு மணி ஆகிவிடுகிறது. ஒன்பது மணி வெயிலில் ஓட முடியாது என்றால் இருட்டிலேயே தொடங்க வேண்டும். அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டப் போனவர்கள் நெற்றியில் விளக்குக் கட்டினார்கள், இப்போது நானும் கட்டுகிறேன். லிந்தாங் பக்கம் போகிற சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் விடியற்காலையிலேயே ஓட ஆரம்பித்துவிடும். ஆகவே சாலையின் வலது ஓரம், எதிரே வருகிற வண்டியைப் பார்த்தபடி, ஒளி பட்டால் மின்னும் சட்டையோடு. தோட்டத்து மண் சாலை முழங்காலுக்கு இதமானது. ஆனால் வெட்டிப் போட்ட மட்டையின் முள் காலணியைத் துளைத்துவிடும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். அதனால் வெளிச்சம் வந்த பிறகுதான் உள்ளே நுழைவேன். நாய்களுக்காகக் கையில் ஒரு ரோத்தான் பிரம்பு. இதுவரை காட்டியதோடு சரி, யாரையும் அடித்ததில்லை.

சாயங்காலம் ஓடலாமே என்றால், இங்கே பிற்பகலில் இடி மின்னல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இடிச் சத்தம் காதில் விழுந்தால் அன்றைய ஓட்டம் முடிந்தது. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினாலும் அப்படியே, வீட்டுக்குள் படி ஏறி இறங்குவதோடு சரி.

வெக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் 24 டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் ஈரப்பதம் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டியிருக்கும். வியர்வை காயாமல் சொட்டிக்கொண்டே இருந்தால் உடம்பு குளிராது. வயதானவர்களுக்குத் தாக உணர்வும் மந்தமாகிவிடும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது என்று அர்த்தம். அதற்காக வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு குறைந்து தலை சுற்றி மயக்கம் வரை போகும். நீண்ட ஓட்டத்தில் நான் ஹண்ட்ரட் பிளஸ் என்கிற உப்பும் சர்க்கரையும் சேர்ந்த பானம், வாழைப்பழம், உப்புப் போட்ட கஞ்சி என்று மாற்றி மாற்றி எடுப்பேன். ஒட்டுக்கடையில் தே தாரேக்கும் ரொட்டி சானாயும் ஓடி முடித்த பிறகுதான். அதற்காகத்தான் பாதிப் பேர் ஓடவே வருகிறார்கள் என்பது என் சந்தேகம்.

ஞாயிறு ஓட்டத்தை மெல்ல மெல்லக் கூட்டி 30 கிலோமீட்டர் வரை கொண்டுபோனால் போதும். மாரத்தான் 42.195 கிலோமீட்டர் என்பதற்காகப் பயிற்சியிலேயே முழுத் தூரத்தையும் ஓடிப் பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நான்காவது வாரமும் தூரத்தைக் குறைக்க வேண்டும். போட்டிக்கு முந்திய இரண்டு மூன்று வாரமும் குறைக்க வேண்டும். இதை ஒத்துக்கொள்ள வைப்பதுதான் பெரும்பாடு.

இடையிடையே நடப்பதைக் கேவலமாக நினைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். 1998-ல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் நம் ஜி. சரவணன் தங்கம் வாங்கியது 50 கிலோமீட்டர் நடையில்தான். நான் பத்து நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பேன். களைத்த பிறகு நடப்பதில் பயன் குறைவு, முதல் கிலோமீட்டர்களிலேயே நடக்கத் தொடங்க வேண்டும்.

பினாங்கில் இன்னொரு சங்கதி. முழு மாரத்தான் நள்ளிரவு தாண்டியதும் தொடங்கிவிடும். நாம் தூங்குகிற நேரம், வயிறும் தூங்குகிற நேரம். அதனால் கடைசி மாதங்களில் ஒன்றிரண்டு நீண்ட ஓட்டங்களை அந்த நேரத்திலேயே ஓடிப் பார்க்க வேண்டும், என்ன சாப்பிட்டால் வயிறு ஒத்துழைக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். பாலம் தட்டையாகத் தெரிந்தாலும் நடுவில் ஏற்றம் உண்டு, கடல் காற்றும் உண்டு. ஈப்போ பாடாங் போலோ திடல் மாதிரி சமதளத்தில் மட்டும் சுற்றினால் அதற்குப் பழக்கம் வராது.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று: டாக்டரைப் பார்த்து இதயத்துக்கான டிரெட்மில் பரிசோதனை. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய், நம் இந்தியர்களிடையே இன்னும் அதிகம். உங்கள் அப்பாவுக்கும் இருந்தால் மாத்திரையின் பெயரை டாக்டரிடம் காட்டி, ஓடுகிற நாளில் அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். சில மாத்திரைகளும் இன்சுலினும் ஓடும்போது சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். சட்டைப் பையில் நாலு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும்.

ஓய்வு நாளில் அவரை எப்படி வீட்டில் உட்கார வைப்பது என்றால், உட்கார வைக்க முடியாது, வேறு வேலை கொடுக்கத்தான் முடியும். என் வீட்டுக்காரி திங்கட்கிழமை காலையில் பசார் பையையும் மீன் வாங்கக் காசையும் கையில் கொடுத்து, காலணியை எடுத்து உள்ளே வைத்துவிடுவாள்.