சர்ச்சை நாவலுக்குப் பதிப்பாளர்: பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன்

கேள்வி: 1990 ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களை வைத்து ஒரு நாவல் எழுதியுள்ளேன். முஸ்லிம்கள் கொல்லப்பட்ட காத்தான்குடிப் பள்ளிவாசலும் வருகிறது, தமிழர்கள் கொல்லப்பட்ட சத்துருக்கொண்டானும் வருகிறது. ஏ4 தாளில் 210 பக்கம், பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதியது. இரண்டு பதிப்பகங்கள் "இப்போதைக்கு வேண்டாம்" என்றுவிட்டன. மட்டக்களப்பில் ஒருவர், மூன்று இலட்சம் ரூபாய் தந்தால் சென்னையில் பதிப்பித்து, "பாதுகாப்பு அனுமதியும்" எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? ஊர்ப் பெயர்களை மாற்ற வேண்டுமா? (வாசகர், களுவாஞ்சிகுடி)

பதில்: கொடுக்காதீர்கள். நாவலை அச்சிட முன் எந்த அலுவலகத்திலும் அனுமதி பெறத் தேவையில்லை. இல்லாத அனுமதியை எடுத்துத் தருகிறேன் என்பவர் மற்ற எதைச் சொன்னாலும் நம்புவதற்கில்லை.

கிழக்கில் இந்த வியாபாரம் ஒரே மாதிரித்தான் நடக்கிறது. "கவலப்படாதீங்க, எல்லாம் நான் பாத்துத் தாறன்" என்பார். அட்டையில் சென்னைப் பதிப்பகம் ஒன்றின் பெயர் இருக்கும். அந்தப் பதிப்பகத்தின் விற்பனைப் பட்டியலில் உங்கள் நூல் இருக்காது. அச்சானது பெரும்பாலும் உள்ளூர் அச்சகத்தில், டிஜிட்டல் முறையில், நூறு பிரதியோ நூற்றைம்பதோ. நீங்கள் பணம் கொடுத்தது ஐந்நூறுக்கு. பக்கம் வடிவமைத்த மூலக் கோப்பையும் தரமாட்டார். ஆகவே இரண்டாம் பதிப்புக்கும் அவரிடமே போகவேண்டும்.

இவரைப் பிடிக்க எளிய வழி ஐ.எஸ்.பி.என்., அதாவது நூலுக்கு வழங்கப்படும் சர்வதேசத் தர எண். இலங்கையில் பதிப்பித்த நூலின் எண் 978க்குப் பிறகு 955 அல்லது 624 என்று தொடங்கும். இந்தியப் பதிப்பென்றால் 81 அல்லது 93. சென்னை வெளியீடு என்று சொல்லிவிட்டு 955 எண் போட்டிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். போலி எண்ணையும் கண்டுபிடிக்கலாம்: பதின்மூன்று இலக்கங்களையும் இடமிருந்து வலமாக 1, 3, 1, 3 என்று மாறிமாறிப் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகை பத்தால் மிச்சமின்றி வகுபடவேண்டும். வகுபடாவிட்டால் அது யாரோ மனதில் தோன்றியதை அடித்த எண். இலங்கை எண்ணை வழங்குவது கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம், இடையில் ஆள் தேவையில்லை. இந்த ஒரு விஷயத்தை மாவட்டக் கலாசார அலுவலகங்கள் சுவரில் எழுதி ஒட்டியிருந்தால் பாதித் தரகர்கள் தொழிலை விட்டிருப்பார்கள்.

பணம் கொடுப்பது சரியாக இருக்கும் ஒரு சந்தர்ப்பமும் உண்டு. அதை விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் தரகர் இதன் வேஷத்தில்தான் வருவார். பதிப்பாளர் தன் செலவில் 300 பிரதி அச்சிடுகிறார். அதில் 100ஐ நீங்கள் கழிவு விலையில் வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொள்கிறீர்கள். நூலின் விலை 1200 ரூபாய், கழிவு 40 வீதம் என்றால் 72,000 ரூபாய். இது முன்கொள்வனவு, நேர்மையான ஏற்பாடு. இறுதி ப்ரூஃப் பார்த்து ஒப்பமிட்டதும் பாதி, பிரதிகள் கைக்கு வந்ததும் பாதி என்று கொடுங்கள். கவனிக்கவேண்டியது ஒன்றுதான்: அச்சிட்டதில் பாதிக்கு மேல் பதிப்பாளரிடம் மிஞ்சுகிறதா? மிஞ்சினால் விற்காமல் அவருக்குத் தீராது. எல்லாப் பிரதியும் உங்கள் வீட்டுக்கே வருமென்றால் அவர் பதிப்பாளர் அல்லர், அச்சுக்கூலி வாங்குபவர். வாங்கட்டும், அச்சுக்கூலியை மட்டும் வாங்கட்டும்.

பதிப்பகங்கள் ஏன் தயங்குகின்றன? 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3ஆம் பிரிவு, இன, மத வெறுப்பைப் பரப்பி வன்முறைக்கோ பாகுபாட்டுக்கோ தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. பிணை கேட்க மேல் நீதிமன்றம் போகவேண்டும். கூட்டத்தைத் திரட்டிக் கடை கொளுத்துபவனைப் பிடிக்கவேண்டிய சட்டம். 2019இல் ஃபேஸ்புக்கில் சிறுகதை போட்ட சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவைப் பிடித்தது. கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதாகி, 2021 டிசம்பரில்தான் பிணையில் வந்தார். புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது 2023 டிசம்பரில். இதைப் பார்த்த பதிப்பாளர் பயப்படுவதில் என்ன அதிசயம்?

பயத்தைக் குறைக்க உங்களால் செய்யக்கூடியது இருக்கிறது. ஒரு சமூகத்தை முழுதாக இழிவாகப் பேசும் வரி பாத்திரத்தின் வாயில் வந்தால் அது கதை. கதைசொல்லியின் குரலில் வந்தால் அது உங்கள் கூற்றாக வாசிக்கப்படும்; அப்படிப்பட்ட வரிகளைத் தேடி எடுத்துவிடுங்கள். பிறகு காத்தான்குடி அல்லது ஏறாவூரிலிருந்து முஸ்லிம் ஒருவர், தமிழ்ப் பக்கத்திலிருந்து ஒருவர் என இருவருக்கு முழுப் பிரதியை வாசிக்கக் கொடுங்கள். அவர்கள் கோடிட்ட பக்கங்களை மட்டும் ஒரு சட்டத்தரணியிடம் காட்டினால் கட்டணமும் குறையும். பின்னட்டை வாசகத்திலும் ஃபேஸ்புக்கில் போடும் பகுதிகளிலும் இரட்டிப்புக் கவனம் வேண்டும். முறைப்பாடு செய்பவர் முழு நாவலையும் வாசிப்பதில்லை, அந்தப் பத்து வரியைத்தான் வாசிப்பார்.

எங்கே அனுப்புவது? கொழும்பில் குமரன் புத்தக இல்லம், மட்டக்களப்பில் மகுடம், அல்வாயில் ஜீவநதி. தமிழ்நாட்டில் காலச்சுவடு, கருப்புப் பிரதிகள். முழுப் பிரதியை அனுப்பாதீர்கள். ஒரு பக்கச் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம், கூடவே ஆகச் சர்ச்சையான அத்தியாயம். அதை மறைத்துவைத்தால் பக்கமெல்லாம் வடிவமைத்து முடிந்த பிறகு "முடியாது" என்பார்கள். தமிழ்நாட்டுப் பதிப்பகங்கள் ஜனவரிச் சென்னைப் புத்தகக் காட்சியை வைத்தே ஓடுகின்றன. மே, ஜூனில் அனுப்புங்கள். பாமினிக் கோப்பை யுனிகோட்டுக்கு மாற்றியே அனுப்பவேண்டும். மாற்றும்போது மேற்கோள் குறிகளும் கிரந்த எழுத்துகளும் உடையும், உரையாடல் அதிகமான நாவலில் இது பெரிய தலையிடி. வரிவரியாகப் பாருங்கள்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும்: எத்தனையாம் பதிப்பு, எத்தனை பிரதி, றோயல்டி (எழுத்தாளருக்கான பங்கு, வழமையாகப் பத்து வீதம்), எத்தனை வருடத்தில் உரிமை திரும்பும். மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகளை அதில் சேர்க்கவிடாதீர்கள்.

எல்லோரும் மறுத்தால் நீங்களே பதிப்பாளர். உங்கள் 210 பக்கம் டெமி அளவில் 256 பக்கம் அளவில் வரும், பதினாறு ஃபோர்மா (ஒரு ஃபோர்மா என்பது ஒரே தாளில் அச்சாகும் பதினாறு பக்கம்). 257 ஆனால் இன்னொரு ஃபோர்மாவுக்குக் காசு. கடைசி அத்தியாயத்தை இறுக்கிப் பிடியுங்கள். 2022 காகிதத் தட்டுப்பாட்டுக்குப் பிறகு அச்சகங்கள் தரும் விலை பல நாள் நிற்பதில்லை. விலைக்கூற்றை எழுத்தில், முடிவுத் திகதியோடு வாங்குங்கள். அச்சகத்தின் பெயரும் முகவரியும் நூலில் இருக்கவேண்டும். "சர்ச்சைப் புத்தகம், எங்கட பேர் வேண்டாம்" என்னும் அச்சகத்தை விட்டுவிடுங்கள். பெயர் போடாத நூல் பிற்பாடு உங்கள் தலையில்தான் விழும்.

ஊர்ப் பெயர்: காத்தான்குடி, சத்துருக்கொண்டான் போன்ற இடங்களை மாற்றவேண்டாம், மாற்றினாலும் எல்லோருக்கும் தெரியும். உயிரோடிருக்கும் தனியாள்தான் சிக்கல். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊர், தொழில், உடற்குறி மூன்றில் இரண்டையாவது மாற்றுங்கள், அல்லது இருவரை ஒருவராக்குங்கள். "யாவும் கற்பனை" என்று முதல் பக்கத்தில் போட்டுவிட்டால் மானநட்ட வழக்கு வராது என்று தரகர் சொல்லியிருந்தால், அதையும் நம்பாதீர்கள்.