அமெரிக்கச் சிற்றூரில் கார் ஓட்டாத முதியவர் நடந்தே சமாளிக்க முடியுமா?

அப்பா இனி கார் ஓட்டக் கூடாது என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார், ஊரில் பேருந்து கிடையாது, நடந்தே காலம் தள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் ஊர் முழுவதும் அல்ல. அந்த ஊருக்குள்ளேயே அவர் காலுக்கு எட்டுகிற ஒரு சின்ன ஊரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு 73 வயது. மத்திய இல்லினாயில் மக்காச்சோள வயல்களுக்கு நடுவே உள்ள ஊரில் தனியாக வசிக்கிறேன். விழித்திரைக் கோளாறு வந்ததும் கார்ச் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டேன்.

தூரத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய் வந்த தலைமுறை நாங்கள், ஒரு மைல் பெரிதில்லை. ஆபத்தெல்லாம் சாலையைக் கடக்கும் இடத்தில்தான். அதற்கொரு கணக்கு இருக்கிறது, அப்பாவுக்கும் சொல்லுங்கள். பாதசாரி சிக்னலில் கைப்படம் மின்னுகிற நேரத்தை, அதாவது ஏற்கெனவே இறங்கியவர் கடந்து முடிப்பதற்கான நேரத்தை, மனிதர் விநாடிக்கு 3.5 அடி நடப்பார் என்று வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். எங்கள் ஊர்ப் பெரிய சாலை, நடுவில் திரும்பும் தடத்தையும் சேர்த்து ஐந்து தடம், சுமார் 60 அடி அகலம். அதைக் கடக்க 17 விநாடி. அதற்கு முன் வெள்ளை நடையுருவம் எரிவது வழக்கமாக 7 விநாடி. ஆக மொத்தம் 24. முழங்கால் வலியோடு விநாடிக்கு இரண்டரை அடி நடப்பவருக்குத் தேவைப்படுவதும் அதே 24 விநாடிதான். வெள்ளை உருவம் எரிந்த மறு நொடியே காலை எடுத்து வைத்தால் மட்டுமே அவர் அக்கரை சேர முடியும். அதனால் நாம் போய்ச் சேரும்போது உருவம் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால் இறங்கவே கூடாது. பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த சுற்றுக்கு நிற்க வேண்டும். பல இடங்களில் பொத்தானை அழுத்தாவிட்டால் அந்த உருவம் வரவே வராது.

இன்னொன்று, சிவப்பு விளக்கிலும் வலப்பக்கம் திரும்பலாம் என்ற விதி. 1970களின் பெட்ரோல் தட்டுப்பாட்டின்போது எரிபொருள் மிச்சமாகும் என்று நாடெங்கும் பரவியது. திரும்பக் காத்திருக்கும் ஓட்டுநர், வண்டி வருகிறதா என்று தன் இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். நாம் அவருடைய வலப்பக்கத்திலிருந்து இறங்கினால் கவனிக்கவே மாட்டார். அவர் முகம் நம் பக்கம் திரும்பி, கண்ணோடு கண் பார்க்கும்வரை அந்த வண்டிக்கு முன்னால் நான் கால் வைப்பதில்லை. எனக்குப் பின்னால் யார் அவசரப்பட்டாலும் சரி. மணிக்கு 25 மைல் வேகத்தில் வரும் கார் மோதினால் 70 வயதுக்காரருக்கு இருக்கும் உயிராபத்தும், 35 மைல் வேகத்தில் மோதினால் 30 வயதுக்காரருக்கு இருக்கும் உயிராபத்தும் ஏறக்குறைய ஒன்று என்று 2011இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. இளைஞர்கள் கடப்பதைப் பார்த்து நாமும் கடந்துவிடக் கூடாது.

சிக்னல் நேரம் போதவில்லையென்றால் கேட்கலாம். பலருக்கு இது தெரியாது. நானும் முதலில் நகர அலுவலகத்தில்தான் கேட்டேன். அது எங்கள் சாலை இல்லை என்றார்கள். உண்மைதான், சிற்றூர்களின் பெரிய சாலை பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலை, அதன் சிக்னலும் மாநிலத்தின் பொறுப்பு. எந்தச் சந்திப்பு, எத்தனை அடி அகலம், எனக்கு எத்தனை விநாடி ஆகிறது, அருகில் முதியோர் குடியிருப்பு இருக்கிறது என்பதையெல்லாம் எழுதி மாநிலப் போக்குவரத்துத் துறையின் வட்டார அலுவலகத்துக்கு அனுப்பினேன். மெதுவாக நடப்பவர்கள் அதிகமுள்ள இடத்தில் 3.5 அடியைவிடக் குறைந்த வேகத்தை வைத்துக் கணக்கிடலாம் என்று அவர்களுடைய கையேடே சொல்கிறது, அதையும் குறிப்பிட்டேன். பதில் வரச் சில மாதங்கள் ஆயின. நேரத்தைக் கூட்டினார்கள். இப்போது கைத்தடியோடு வருபவர்களும் அங்கே கடக்கிறார்கள், பார்க்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

அடுத்தது வீடு. இங்குள்ள பழைய ஊர்கள் ரயில் பாதையையும் நீதிமன்றச் சதுக்கத்தையும் சுற்றி எழுந்தவை. அந்தப் பழைய பகுதியில் தெருக்கள் நேராக இருக்கும், நடைபாதை இருக்கும், தபால் நிலையமும் நூலகமும் பக்கத்தில் இருக்கும். பின்னால் வந்த குடியிருப்புகளில் பல தெருக்கள் முட்டுச்சந்தில் முடியும், நடைபாதையும் இருக்காது. நம்மவர்கள் பெரிய வீடு, நல்ல பள்ளி என்று அங்கேதான் வாங்குகிறோம். ஓட்டுவதை நிறுத்திய பின்னும் வாழ்நாள் நிறைய மீதமிருக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் ஆண்கள் ஏறக்குறைய 6 ஆண்டுகளும், பெண்கள் 10 ஆண்டுகளும் ஓட்டாமல் வாழ வேண்டியிருக்கும் என்று 2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது. எனவே அம்மா இன்னும் ஓட்டுகிறார் என்றால், பல் மருத்துவர், மருந்துக்கடை, முடிதிருத்தகம் எல்லாவற்றையும் நடந்து போகும் தூரத்துக்கு இப்போதே மாற்றிவிடுங்கள். மருந்துக்கடையை மட்டும் ஒருமுறை மாலையில் போய்ப் பாருங்கள். உள்ளே பூட்டிவிட்டு, காரில் இருந்தபடியே வாங்கும் டிரைவ்-த்ரூ சன்னலை மட்டும் திறந்து வைக்கும் கடைகள் உண்டு. அங்கே நடந்து வருபவருக்குப் பெரும்பாலும் மருந்து தரமாட்டார்கள்.

நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி இடப்பக்க ஓரமாக நடக்க வேண்டும். இல்லினாயில் அதுதான் சட்டமும். இருட்டிய பிறகு போகவே வேண்டாம். இந்த நாட்டில் வண்டி மோதி இறக்கும் பாதசாரிகளில் ஏறக்குறைய நான்கில் மூவர் இருட்டில் இறக்கிறார்கள். குளிருக்கு வாங்கும் கோட்டு கறுப்பாக இருந்தால் அதன்மேல் மின்னும் மஞ்சள் மேலங்கி ஒன்றைப் போடச் சொல்லுங்கள். பனிக்காலத்தில் சாலையைச் சுத்தம் செய்யும் வண்டி, பனியைத் தள்ளி, நாம் இறங்க வேண்டிய முனையிலேயே மேடாக்கிவிட்டுப் போய்விடும். அந்த நாட்களில் நடையை விட்டுவிடுவதே நல்லது.

அப்போதைக்கு டயல்-அ-ரைடு, அதாவது தொலைபேசியில் கூப்பிட்டு வரவழைக்கும் வேன் சேவை, இருக்கிறது. பேருந்தே இல்லாத பல மாவட்டங்களிலும் அரசு உதவியோடு சிறு வேன்கள் ஓடுகின்றன. பொதுவாக முதல் நாளே கூப்பிட்டுச் சொல்லி வைக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கிராமப்புறச் சேவைகள் பெரும்பாலும் எல்லோருக்கும் பொது. உங்கள் பகுதியில் யார் நடத்துகிறார்கள் என்று அறிய 1-800-677-1116 என்ற முதியோர் சேவை எண்ணில் கேளுங்கள். ஓட்டுநர் உரிமத்துக்குப் பதிலாக மாநில அடையாள அட்டையும் வாங்கிவிடுங்கள், அது இல்லாமல் வங்கியில்கூடச் சிரமம்.

நடக்கிறவர்களே இல்லாத தெருவில் தனியாக நடக்க நம் பெற்றோருக்குக் கூச்சம் அதிகம். வேட்டியோ சல்வாரோ கட்டிக்கொண்டு போனால் கார்கள் வேகம் குறைத்துப் பார்க்கும், சிலர் நிறுத்தி ஏற்றிக்கொள்ளவா என்பார்கள். அப்பா பதறிப்போய் மறுநாள் வீட்டிலேயே உட்கார்ந்துவிடக் கூடும். முதல் சில வாரங்கள் நீங்களோ அம்மாவோ அவரோடு அதே வழியில், அதே நேரத்தில் நடங்கள். தெருக்காரர்களிடம் அவரை அறிமுகப்படுத்துங்கள். எங்கள் தெருவில் இப்போது நான் இரண்டு நாள் கண்ணில் படாவிட்டால் கதவைத் தட்டி விசாரிக்கிறார்கள்.

இந்த வார இறுதியிலேயே, பகல் வெளிச்சத்தில், அவர் கடக்க வேண்டிய சந்திப்புக்கு அழைத்துப் போங்கள். கூடவே நடந்து, எத்தனை விநாடி ஆகிறது என்று கைபேசியில் பாருங்கள். போதவில்லையென்றால் கடிதம் எழுத வேண்டிய முகவரியைக் கண்டுபிடிக்க நான் உதவுகிறேன்.