'ரன்' என்றால் ஓடுவது மட்டும்தானா?

அன்புள்ள ஐயா,

வேலைக்காக ஆங்கிலத்தைத் திரும்பப் படிக்கிறேன். 'ரன்' என்றால் ஓடு என்றுதான் பள்ளியில் படித்தோம். இப்போது பார்த்தால் கம்பெனியை ரன் பண்ணுகிறார்கள், மூக்கு ரன் ஆகிறது, ஸ்டாக் ரன் அவுட் ஆகிறது, தேர்தலிலும் ரன். அகராதியில் பக்கம் பக்கமாகப் போகிறது. இத்தனையையும் மனப்பாடம் செய்யாமல் இந்த மொழி வராதா?

ச., திண்டுக்கல்

அன்புள்ள ச.,

மனப்பாடம் வேண்டவே வேண்டாம். நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பது ஆங்கிலத்தின் மிகப் பெரிய சொல் ஒன்றிடம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் 'செட்' தான் மிக நீளமான பதிவு. பின்னர் நடந்த திருத்த வேலையில் 'ரன்' அதை முந்தியது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்து, வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்களைப் பிரித்தெடுத்தார். ஆங்கிலேயர் யாரும் அந்த 645-ஐயும் பட்டியலாக மனதில் வைத்துக்கொண்டு பேசுவதில்லை.

பழைய ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் ஆள் ஓடுவதற்கும் நீர் ஓடுவதற்கும் பொது. 1861 ஜூலையில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை வர்ஜீனியாவில் 'புல் ரன்' என்ற இடத்தில் நடந்தது. காளை ஓடிய கதை எதுவும் தேட வேண்டாம், அது ஓர் ஓடையின் பெயர். நம் 'ஓடை'யும் ஓடுவதிலிருந்து வந்ததுதானே! இந்த நீரோட்டத்தைப் பிடித்துக்கொண்டால் மூக்கு ஒழுகுவது, துணியில் சாயம் இறங்குவது எல்லாம் தானாகப் புரியும். ஸ்டாக் தீர்வதையும், மணற்கடிகாரத்தில் மணல் வடிந்து தீர்வதுபோல நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் இயந்திரங்கள் வந்தன. ரயில், மில், மோட்டார், கடைசியில் கம்ப்யூட்டர் புரோகிராம் வரை எல்லாவற்றுக்கும் ஆங்கிலேயர் இந்தச் சொல்லையே கொடுத்தார்கள். இதில் நமக்குச் சிரமமே இல்லை. நம் கடிகாரமும் ஓடுகிறது, படமும் நூறு நாள் ஓடுகிறது.

நாம் தடுக்கி விழுவது வேறு இடத்தில். தமிழில் ஓடு வேறு, ஓட்டு வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம். 'ஷி ரன்ஸ்' என்று வாக்கியம் முடிந்தால் அவள் ஓடுகிறாள். பின்னால் 'எ ஹோட்டல்' என்று வந்தால் ஹோட்டல் நடத்துகிறாள். ஆகவே 'ரன்' வந்ததும் பொருளை முடிவு செய்துவிடாதீர்கள், அடுத்த இரண்டு மூன்று சொற்களையும் பார்த்துவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

தேர்தல் விஷயம் ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்க வேட்பாளர் 'ரன்' செய்வார், பிரிட்டன் வேட்பாளர் 'ஸ்டாண்ட்' செய்வார். நம் ஊரிலும் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறார்கள்.

சரி, எப்படிப் படிப்பது? அந்த அகராதியை உருவாக்கிய வழியிலேயே படியுங்கள். 1879இல் ஆசிரியர் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மர்ரே பொதுமக்களிடம் உதவி கேட்டார். படிக்கும் புத்தகத்தில் கண்ணில் படும் சொல்லை, அது வரும் வாக்கியத்தோடு ஒரு தாள் துண்டில் எழுதி, புத்தகப் பெயரும் பக்க எண்ணும் போட்டு அனுப்பச் சொன்னார். துண்டுகள் லட்சக்கணக்கில் வந்து குவிந்தன. வீட்டுத் தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டு, சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்த அலமாரிகளில் அவற்றை அடுக்கினார். வாக்கியங்களை அருகருகே வைத்து ஒப்பிட்டுத்தான் பொருள்களைப் பிரித்தார்கள். எனக்கு அந்தக் கொட்டகை மீது பெரிய மரியாதை உண்டு.

நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். அலுவலக மின்னஞ்சலில் 'ரன்' வரும்போதெல்லாம் முழு வாக்கியத்தையும் எழுதி, ஓடுவது எது, ஓட்டுவது யார் என்று பக்கத்தில் குறியுங்கள். தொடங்குவதற்கு இரண்டு தருகிறேன். 'தி மீட்டிங் இஸ் ரன்னிங் லேட்' என்றால் கூட்டம் இழுத்துக்கொண்டே போகிறது. 'லெட் மி ரன் திஸ் பை யூ' என்றால் இதை உங்கள் காதில் ஒருமுறை போட்டு உங்கள் கருத்தைக் கேட்டுக்கொள்கிறேன் என்று அர்த்தம். மூன்றாவதை நீங்கள் எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.