தனியாக ஆடுபவரின் இடம்

கேள்வி: கல்லூரி விடுதியில் நண்பர்களோடு சேர்ந்து ஆர்.பி.ஜி. கேம்களை (ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் ஆடும் வீடியோ கேம்களை) ஆடிப் பழகியவன் நான். இப்போது ஊருக்கு வந்துவிட்டதால் இரவில் தனியாகத்தான் ஆடுகிறேன். சில கேம்களில், பலர் இணைந்து ஆடும் மல்டிபிளேயர் முறைக்காகச் செய்த ஏற்பாடுகள் தனியாக ஆடுபவனின் கதையைக் கெடுத்துவிட்டதாகத் தோன்றுகிறது. இது என் பிரமையா?
(வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: பிரமை இல்லை. பலர் சேர்ந்து ஆடும் ஆர்.பி.ஜி. என்று தொடக்கத்திலேயே முடிவாகிவிட்டால், அந்த முடிவு முதலில் கை வைப்பது நேரத்தின் மீதுதான். நம் பக்கத்தில் அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடுபவர், கேட்பவர்களின் முகம் பார்த்து, அண்ணன்மாரின் தங்கை அருக்காணி தங்காளின் புலம்பலில் வேண்டிய மட்டும் நின்றுவிட்டு மேலே போவார். பலர் வட்டமாக நின்று ஆடும் வள்ளி கும்மியில் அப்படி நிற்க முடியாது. ஒருவர் நின்றால் வட்டமே குலையும். ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் டார்க் சோல்ஸ் (2011) கேமில், முன்பின் அறியாத இன்னொருவர் இணையம் வழியாகத் திடீரென நம் உலகத்துக்குள் புகுந்து தாக்கலாம் என்பதால், ஆட்டத்தை நிறுத்திவைக்கும் வசதி கிடையாது. இணையத்தைத் துண்டித்துவிட்டு ஆடினாலும், மெனுவைத் திறந்து வைத்திருக்கும்போதே எதிரி வந்து வெட்டுவான். ஆனால் இதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். அந்தப் பதற்றமே அந்த உலகத்தின் இயல்பு என்று ஆகும்படி மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப அமைத்திருக்கிறார்கள்.

தாங்கள் உணர்ந்த இழப்பு பெரும்பாலும் கூட்டாளிகள் விஷயத்தில் நேர்கிறது. பயோவேர் நிறுவனத்தின் பால்டர்ஸ் கேட் (1998) கேமில் ஆறு பேர் சேர்ந்து ஆடலாம். தனியாக ஆடினால் நம் நாயகன் போக மீதி ஐந்து இடங்களையும் தனித்தனி குணமுள்ள பாத்திரங்களைக் கொண்டு நாமே நிரப்பிக்கொள்ளலாம். அதே நிறுவனம் உருவாக்கி 2002-ல் வந்த நெவர்வின்டர் நைட்ஸ், ஆடுபவர்கள் தாங்களே கதைகளை உருவாக்கி, ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் ஆடும்படி அமைக்கப்பட்டது. அந்த நோக்கத்தில் அது பெரிய சாதனை என்றே கருதுகிறேன். ஆனால் அதனுடன் வந்த மூலக்கதையைத் தனியாக ஆடியவருக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு கூட்டாளிதான் கிடைத்தார். 2003-ல் வந்த ஹோர்ட்ஸ் ஆஃப் தி அண்டர்டார்க் என்ற விரிவாக்கத்தில்தான் அது இரண்டு பேராயிற்று. கூட்டாளிகள் தங்களுக்குள் சண்டையிட்டும் கேலி பேசியும் வந்த பால்டர்ஸ் கேட் 2 (2000) கேமை ஆடிவிட்டு இதற்கு வந்தவர்களுக்கு, நண்பர்களுக்காக ஒதுக்கிய இடங்கள் வெறுமையாகவே கிடந்ததாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இதைவிட வருத்தம் தருவது, தனி ஆட்டம், மல்டிபிளேயர் ஆகிய இரண்டு முறைகளையும் கணக்கு வழியாக முடிச்சுப் போடுவது. மாஸ் எஃபெக்ட் 3 (2012) கேமின் கதையில் போருக்காக நாம் திரட்டும் பலம், ‘தயார்நிலை’ என்ற விழுக்காட்டால் பெருக்கப்பட்டது. அது 50 விழுக்காட்டில் தொடங்கும். உயர்த்துவதற்கு முக்கிய வழி மல்டிபிளேயர். மூன்று பாகங்களாகத் தன் நாயகனைத் தனியே நடத்தி வந்தவரின் உழைப்பு, அந்தப் பக்கம் போகாவிட்டால், பாதியாகவே எண்ணப்பட்டது. சில மாதங்கள் கழித்து வந்த நீட்டிப்பில், கதையின் வெவ்வேறு முடிவுகளைப் பெறத் தேவையான பலத்தின் அளவைக் குறைத்தார்கள். 2021-ல் மூன்று பாகங்களையும் சேர்த்துப் புதுப்பித்து வெளியிட்டபோது மல்டிபிளேயரே இடம்பெறவில்லை.

எனினும், சேர்ந்து ஆடும் ஏற்பாடு தனி ஆட்டத்தை வளப்படுத்தியதும் உண்டு; லாரியன் நிறுவனத்தின் டிவினிட்டி: ஒரிஜினல் சின் (2014) கேமைத் தாங்கள் அவசியம் ஆடிப்பார்க்க வேண்டும். இருவர் ஆடுவதற்காகவே அதில் நாயகர்கள் இருவர். திருடனை விடுவதா பிடித்துக்கொடுப்பதா என்பது போன்ற இடங்களில் இருவருக்கும் கருத்து வேறுபட்டால், கல், காகிதம், கத்தரி விளையாட்டைப் போன்ற ஒரு போட்டியால் தீர்ப்பாகும். தனியாக ஆடும்போது இரண்டு பக்கத்து வாதத்தையும் நாமே பேச வேண்டியிருப்பதால், ஒரே மனிதனுக்குள் நடக்கும் தர்க்கம் திரையில் தெரிகிறது. மேலும், நாம் சந்தையில் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது, ஊரின் மறுகோடியில் நண்பர் ஒரு முக்கியமான ஆளைக் கொன்றுவிடக்கூடும். அப்போதும் கதை முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்றால், ஒவ்வொரு சிக்கலுக்கும் இரண்டு மூன்று வழிகளை வைத்தே ஆகவேண்டும். நால்வர் வரை ஆடக்கூடிய பால்டர்ஸ் கேட் 3 (2023) வரை தொடரும் இந்தத் தாராளம் தனியாக ஆடுபவருக்கும் முழுமையாகக் கிடைக்கிறது: பூட்டிய கதவை உடைக்கலாம், சாவியைத் திருடலாம், காவலாளியைப் பேசி மயக்கலாம்.

கேள்வி: பெருந்துறைப் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம், நெட் அடிக்கடி நின்றுவிடும். தனியாக ஆடும் கேமுக்கு ஏன் நெட் கேட்கிறார்கள்?
(வாசகர், பெருந்துறை)

பதில்: டியாப்லோ 3 என்ற ஆர்.பி.ஜி. கேம் இதற்குத் தக்க சான்று. 2012-ல் பி.சி.யில் வந்தபோது, தனியாக ஆடுபவரும் நெட் வழியாக நிறுவனத்தின் சர்வரோடு இணைந்தே இருக்க வேண்டும்; ஆடுபவர்கள் ஆயுதங்களை ஒருவருக்கொருவர் விற்கும் ஏலக்கூடமும் அதில் இருந்தது. நல்ல வாளை அரக்கனைக் கொன்று எடுப்பதைவிடக் காசு கொடுத்து வாங்குவது எளிதாகிவிட்டதால் ஆட்டத்தின் சுவையே குன்றியது. 2014 மார்ச்சில் அந்த ஏலக்கூடத்தை மூடினார்கள். ஆனால் 2013-ல் கன்சோலுக்கு (டி.வி.யில் இணைத்து ஆடும் கேம் கருவிக்கு) வந்த அதே டியாப்லோ 3-இல் ஏலக்கூடம் இல்லை, நெட் இல்லாமலும் ஆடலாம். எனவே தங்கள் சாளைக்குக் கன்சோல் பதிப்பே ஏற்றது.