கர்ப்பகாலத்தில் வந்து போன ரத்த அழுத்தம்: ஆஞ்சியோகிராம் தேவையா?

கேள்வி: எனக்கு வயது 39. முதல் பிரசவத்தின்போது ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதமும் வெளியேறியதால் 33-ஆவது வாரத்திலேயே அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். பிறகு அழுத்தம் சரியாகிவிட்டது. இப்போது ஒரு பரிசோதனை மையத்தினர், எனக்கு மாரடைப்பு அபாயம் இருப்பதாகக் கூறி சி.டி. ஆஞ்சியோகிராம் (இதய ரத்தக்குழாய்களில் அடைப்பு உள்ளதா என்று பார்க்கும் ஸ்கேன்) எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு போன்ற தொந்தரவு இல்லாத உங்கள் வயதுப் பெண்ணுக்கு அதனால் கிடைப்பது பெரும்பாலும் கதிர்வீச்சும் கட்டண ரசீதும்தான். ஆனால் அவர்கள் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் சங்கடம். உங்களுக்கு வந்தது ப்ரீஎக்லாம்ப்சியா. அது வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதயநோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. நிரந்தர ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல். 34 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க நேர்ந்தவர்களுக்கு அபாயம் இன்னும் கூடுதல். இருந்தாலும், உங்கள் வயதில் அடிப்படை வாய்ப்பே மிகக் குறைவு என்பதால், பதறத் தேவையில்லை, கவனிக்கத்தான் வேண்டும்.

அந்தக் கவனிப்புக்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது, ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்து, கையை இதய மட்டத்தில் வைத்து, கைப்பருமனுக்கேற்ற பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். சிறிய பட்டையை இறுக்கிக் கட்டினால் இல்லாத அழுத்தமும் தெரியும். கூடவே ரத்தச் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரில் புரதம். இவ்வளவுதான். 'மாஸ்டர் செக்-அப்' என்ற பெயரில் விற்கப்படும் தொகுப்புகளில் இவற்றோடு, நடக்கவைத்து இ.சி.ஜி. எடுக்கும் ட்ரெட்மில் பரிசோதனையையும் சேர்த்துவிடுகிறார்கள். அடைப்பே இல்லாத பெண்களுக்கும் அது இருப்பதுபோல் காட்டுவது சகஜம். அந்த இ.சி.ஜி. கோட்டைக் காட்டியே அடுத்த பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள், அனுப்பியவருக்குப் பங்கும் போய்ச் சேருகிறது.

ஒரே ஒரு நிலைக்கு மட்டும் மேலே சொன்னது பொருந்தாது. கர்ப்பத்தின் கடைசி மாதத்திலோ பிரசவத்துக்குப் பின் ஐந்து மாதங்களுக்குள்ளோ, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, கால்வீக்கம் வடியாமல் கூடிக்கொண்டே போவது, நள்ளிரவில் மூச்சுத்திணறி எழுந்து உட்காருவது ஆகியவை இருந்தால், இதயத்தசையே பலவீனமடைந்திருக்கக்கூடும். அதற்கு உடனடியாக எக்கோ (இதயத்துக்கான அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுக்க வேண்டும். 'பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டாரும், சில சமயம் மருத்துவரும், தள்ளிப்போடுவது இந்த நோயில்தான். அப்போது உங்களுக்கு இப்படி ஏதேனும் இருந்திருந்தால், இப்போது நலமாக இருந்தாலும், மறக்காமல் இதய மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

2011-இலேயே அமெரிக்க இதயச் சங்கம் ப்ரீஎக்லாம்ப்சியாவைப் பெண்களின் இதயநோய் அபாயக் காரணிகளில் சேர்த்துவிட்டது. இருந்தும், மகப்பேறு மருத்துவர் ஆறு வாரத்தோடு கோப்பை மூடிவிடுகிறார்; இதய மருத்துவரோ புகைப்பழக்கம் உண்டா என்று கேட்பாரே தவிர, பிரசவம் எப்படி நடந்தது என்று கேட்பதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'தாயும் சேயும் நலம்' என்ற வரி மட்டும் இருக்கும். எனவே பிரசவ மருத்துவமனையில் எழுதிக் கேட்டு, அன்றைய ரத்த அழுத்த அளவுகளும் சிறுநீர்ப் பரிசோதனை முடிவும் உள்ள தாள்களின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு, எந்த மருத்துவரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், முதலில் அதை எடுத்து வையுங்கள்.