அதிரசம் போடும் அக்காவை மேனேஜர் ஆக்கலாமா?

கேள்வி: காரைக்குடியில் அப்பா காலத்திலிருந்து பலகாரத் தொழில் செய்கிறோம். வேலைக்கு 26 பேர். 19 வருடமாக இருந்த மேனேஜர் அண்ணன், மகனோடு இருக்கக் கோவைக்குப் போகிறார். அந்த இடத்துக்கு, எங்களிடம் 12 வருடமாக அதிரசம் போடும் அக்காவை உயர்த்தலாம் என்கிறார் அப்பா. மதுரையில் ஒரு ஸ்வீட் கடையில் சூப்பர்வைசராக இருக்கும் தெரிந்தவரைக் கூட்டி வரலாம் என்கிறார் என் கணவர். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, காரைக்குடி

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள்.

அப்பா சொல்வது உங்கள் ஊரின் பழைய வழக்கம். பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை உதவியாளாகப் போனவன், கணக்கு எழுதிப் பழகி, ஏஜெண்டுக்கு அடுத்த இடத்தில் இருக்கும் அடுத்தாளாகி, அப்புறம்தான் முதலாளிக்காகக் கடையை நடத்தும் ஏஜெண்டாக உட்கார்ந்தான். ஒரு தவணை பெரும்பாலும் மூன்று வருடம். அது முடிந்து ஊர் திரும்புவதற்குள் பையன் எப்படிப்பட்டவன் என்பது முதலாளிக்குத் தெரிந்துவிடும். ஆனால் அங்கே கீழே எழுதியதும் கணக்கு, மேலே பார்த்ததும் கணக்கு. அக்காவின் வேலை அப்படியா? கொதிக்கிற வெல்லப்பாகில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, இந்த நொடி இறக்கு என்று சொல்கிற கை அது. அந்தக் கையில் லீவு லெட்டரையும் ஜிஎஸ்டி பில்லையும் திணித்தால் அதிரசமும் போகும், மேனேஜரும் சுமாராகத்தான் கிடைப்பார். அமெரிக்காவில் விற்பனைப் பிரிவு ஆட்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. நன்றாக விற்றவர்களைத்தான் கம்பெனிகள் தேடித் தேடி மேனேஜர் ஆக்கின, ஆனால் அப்படிப்பட்டவருக்குக் கீழே இருந்தவர்களின் விற்பனைதான் அடிவாங்கியது.

சரி, மதுரைக்காரர்? 2011இல் வெளியான இன்னொரு ஆய்வு, ஓர் அமெரிக்க முதலீட்டு வங்கியைப் பற்றியது. வெளியிலிருந்து வந்தவர்களுக்கு, உள்ளேயிருந்து உயர்ந்தவர்களைவிடச் சுமார் 18 சதவீதம் கூடுதல் சம்பளம். அப்படியும் முதல் இரண்டு வருடம் வேலையில் பின்தங்கித்தான் இருந்தார்கள், விட்டுப் போனதும் அவர்களே அதிகம். வங்கிக்கும் முறுக்குக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். எந்த எண்ணெய்க்காரர் கடன் தருவார், எந்த அம்மா தீபாவளி நேரத்தில் ராத்திரி பத்து மணிவரை இருப்பார் என்பதெல்லாம் புது ஆளுக்கு யார் சொல்வது? இதில் அவர் 'தெரிந்தவர்' வேறு. நாளைக்குச் சரிவரவில்லை என்றால் அவரைப் போகச் சொல்ல உங்கள் கணவருக்கு வாய் வருமா?

ஒன்று செய்யுங்கள். மேனேஜர் அண்ணன் லீவில் இருந்த நாட்களை யோசித்துப் பாருங்கள், கேஸ் வரவில்லை, பார்சல் தவறிவிட்டது என்றால் எல்லோரும் யாரிடம் ஓடினார்கள்? பேக்கிங்கில் இருக்கும் யாரோ ஒருவராக இருக்கலாம். அவர்தான் உங்கள் மேனேஜர், இன்னும் சம்பளம் மட்டும் ஏறவில்லை. மூன்று மாதம் பொறுப்பு கொடுங்கள், கூடுதல் பணத்தையும் முதல் மாதத்திலிருந்தே கொடுங்கள். அவருக்குத் தெரியாதது ஜிஎஸ்டி மட்டும் என்றால் அதற்குப் பகுதிநேரக் கணக்கர் போதும். அப்படி ஒருவருமே உள்ளே இல்லையென்றால் தாராளமாக வெளியே தேடுங்கள், ஆனால் பழைய மேனேஜர் கிளம்புவதற்குள் தேடுங்கள், தீபாவளி ஆர்டர் தொடங்கிய பிறகு வேண்டாம்.

யாரைப் போட்டாலும் அதிரச அக்காவிடம் முதலில் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் எனக்கு வரும் என்று நினைத்த பதவிக்கு வெளியாள் வந்தார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், ஆனால் அந்தச் செய்தி டீக்கடைக்காரர் சொல்லி எனக்குத் தெரிந்தது, அதை இன்றும் மறக்க முடியவில்லை. அக்காவுக்குச் சம்பளத்தை ஏற்றுங்கள், பாகுப் பதம் பழக இரண்டு பெண்களை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். 12 வருடத்தில் இதைச் செய்யாமல் விட்டதுதான், என்னைக் கேட்டால், மேனேஜர் போவதைவிடப் பெரிய ஓட்டை.